விரதம் இல்லாத சமயம்

ஏப்ரல் 14, ஞாயிறு

இன்று எங்களுக்கு வருடப்பிறப்பு. என் வகுப்புத் தோழி ஹர்லீனின் சீக்கிய வீட்டாருக்கு வைசாகித் திருநாள். அம்மா அடுப்படியில் பொங்கிக்கொண்டிருந்தபோது வீதியில் மேளம் கேட்டது. சன்னலைத் திறந்து பார்த்தேன். பெண்கள் சிலர் துடைப்பங்களால் தெருவைக் கூட்டிக்கொண்டு முன்னால் போனார்கள். பின்னால் வெறுங்காலோடு ஐந்து பேர், செம்மஞ்சள் உடையில். அதற்கும் பின்னால், பூக்களால் மூடிய லொறியில், அவர்களுடைய புனித நூல். ஒரு புத்தகத்துக்காகத் தெருவைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, வெறுங்காலோடு நடக்கிறார்கள். ஊரைவிட்டுக் கடல் கடந்து இந்தச் சவுத்தோலுக்கு வந்து ஐந்து வருடமாகிறது. இந்த ஊர்வலத்தை ஒவ்வொரு வருடமும் பார்த்திருக்கிறேன். இன்றுதான் எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது. என் அலுமாரியில் உள்ள புத்தகங்களுக்கு நான் தூசிகூடத் தட்டுவதில்லை.

மே 9 சமயப் பாடப் பரீட்சை. கிறிஸ்தவமும் சீக்கியமும். தை மாதம் நடந்த மாதிரிப் பரீட்சையில் சீக்கியத்தில் பாதிப் புள்ளிகூட வரவில்லை. அந்தத் தாளை அம்மாவிடம் காட்டினேன். அவர் சாமிப் படத்தடிக்குப் போய் நெடுநேரம் நின்றார்.

நான் தமிழில் எழுதுவதற்குக் காரணம், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பது. அதனால் இந்தக் கொப்பியில் எல்லோரும் எங்கள் ஊர்த் தமிழ்தான் கதைப்பார்கள். ஹர்லீனும்தான், அவளுக்கே தெரியாமல்.

அம்மாவின் கழுத்தில் வலது பக்கம் ஒரு கட்டி இருக்கிறது. நெல்லிக்காயளவு. மாசியில் கண்டோம். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கட்டியைவிட அம்மாவின் காப்புகளைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது. முன்பு சோப்புப் போட்டுத்தான் கழற்றுவார். இப்போது கையைத் தாழ்த்தினால் தாமாகவே வழுகி வருகின்றன.

பொங்கல் படைத்த பிறகு, சாமி கும்பிடும்போது, ஒன்று நினைத்துக்கொண்டேன். என்னவென்று எழுதமாட்டேன். வெளியில் விட்டால் பலிக்காது.


ஏப்ரல் 16

அம்மா கட்டித் தந்த புட்டும் முட்டைப் பொரியலும் ஹர்லீனுக்குப் போயின. “உன்ரை அம்மாவை நான் தத்தெடுக்கப் போறன்,” என்றாள்.


ஏப்ரல் 18, வியாழன்

ஆஸ்பத்திரி. முதலில் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தந்தார்கள். அவர் சென்னைத் தமிழில் கடகடவென்று பேச, அம்மா எல்லாவற்றுக்கும் “ஓம், ஓம்” என்று தலையாட்டினார். பாதியில் இணைப்புப் போய்விட்டது. பிறகு நான்தான்.

வைத்தியர் ஐரிஷ்காரப் பெண். கண்ணைப் பார்த்துப் பேசுகிறவர். அம்மாவை நிறுத்துப் பார்த்தார். மாசியில் ஐம்பத்தேழு கிலோ, இன்று ஐம்பது.

“பசி எப்பிடி எண்டு கேக்கிறா, அம்மா.”

“நல்லாச் சாப்பிடுறன் எண்டு சொல்லு.”

“வழமை மாதிரியோ எண்டு கேக்கிறா.”

“வழமை மாதிரித்தான். மூண்டு நேரமும். ஏன் திருப்பித் திருப்பிக் கேக்கிறா?”

நான் அதை நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். வைத்தியர் எதையோ எழுதி அடிக்கோடிட்டார். நன்றாகச் சாப்பிட்டும் இவ்வளவு மெலிந்திருப்பதற்குக் காரணம் தெரியவில்லை, அதைத் தேடிப் பார்க்க வேண்டும், முழு உடம்பையும் படம் எடுக்க வேண்டும் என்றார். நான் அம்மாவிடம், “இன்னொரு படமும் எடுக்கவேணுமாம்,” என்று மட்டும் சொன்னேன்.

கழுத்தில் ஊசி குத்திக் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்தார்கள். அம்மா என் சுண்டுவிரலை மட்டும் பிடித்திருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸின் மேல்தட்டில் முன்னிருக்கை கிடைத்தது. ஒரு விமானம் எங்கள் தலைக்கு மேலாகத் தாழ்ந்து எழும்பியது. அம்மா வேலை செய்வது விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கும் தொழிற்சாலையில். ஒவ்வொரு விமானத்தையும் தன் பிள்ளைபோலப் பார்ப்பார். “அந்தா போகுது என்ரை கோழிக்கறி,” என்றார். “முந்நூறு தட்டு. ஒண்டிலையும் மூடி கோணேல்லை.”


ஏப்ரல் 21

படிக்கும் அட்டைகள் செய்து முடித்தேன். முன்பக்கம் ஆங்கிலம், பின்பக்கம் தமிழ். அப்போதுதான் அம்மா என்னைக் கேள்வி கேட்கலாம். அப்பா பெற்றோல் நிலையத்தில் பின்னேர வேலைக்குப் போன பிறகு இருவரும் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்தோம்.

“தொண்டு,” என்றார் அம்மா.

“சேவா. உடம்பாலை, மனத்தாலை, பொருளாலை.”

“சரி. நான் எண்ட எண்ணம்?”

“ஹௌமை. அது கூடினால் மனிசர் கடவுளிட்டையிருந்து தூரப் போயிடுவினம்.”

“உன்ரை பெரியப்பாவுக்கு அது கனக்க இருக்கு. அடுத்தது... இதென்ன பிள்ளை, விரதம் எண்டு எழுதி, இல்லை எண்டும் எழுதிக் கிடக்கு?”

“அவைக்கு விரதம் இல்லையம்மா. உடம்பை வருத்திப்போட்டுக் கடவுளிட்டை ஒண்டும் வாங்கேலாதாம்.”

அம்மா அட்டையை விளக்குக்கு நேரே பிடித்தார். “அப்ப ஏதும் வேணுமெண்டால் எப்பிடிக் கேக்கிறவை?”

“பிரார்த்திப்பினம். ஆனா பேரம் பேசக்கூடாதாம். என்ன நடக்குதோ அது அவர்ரை விருப்பம். அதுக்குப் பேர் ஹுக்கம்.”

“பிள்ளையளின்ரை சோதினைக்கும் அப்பிடித்தானோ?”

எனக்குச் சிரிப்பு வந்தது. “சோதினைக்கும்தான்.”

அம்மா அந்த அட்டையை மட்டும் அட்டைக் கட்டின் அடியில் செருகிவிட்டார்.

மத்தியானச் சோறு சட்டியில் அப்படியே இருந்தது. தான் முதலே சாப்பிட்டுவிட்டதாக அம்மா சொன்னார். நானும் அதையே சொன்னேன்.


ஏப்ரல் 24

பாடசாலை நூலகத்தில் சன்னலோர மேசை. வெளியே செர்ரி மரம் பூவைக் கொட்டிக்கொண்டிருந்தது. மத்தியானத்தில் எனக்கு ஒரு தெளிவு வருகிறது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எழுத்துகள் தாளைவிட்டுச் சற்று மேலே மிதக்கின்றன. ஒவ்வொரு சத்தமும் ஒரு பஞ்சு உறைக்குள்ளிருந்து வருகிறது. அவர்களுடைய மூல மந்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வாசித்தேன்: பயமில்லாதவன், பகையில்லாதவன், காலத்துக்கு அப்பாற்பட்டவன், பிறவாதவன். வாசிக்க வாசிக்க நானும் பாரமில்லாமல் போவதாகத் தோன்றியது. பூக்கள் கீழிருந்து மேலே விழுகின்றனவா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது.

நூலகப் பெண்மணி வந்து என் தோளைத் தொட்டார். மணி நான்கு. நான் மூன்று பக்கங்கள்தான் தாண்டியிருந்தேன்.

படிகளில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பரீட்சைப் பயமாக இருக்கும்.


ஏப்ரல் 26

அப்பா கேட்டார்: “வீட்டிலை அரிசி குறையுதே இல்லையே. போன மாதம் வாங்கின மூட்டையெல்லோ?” அம்மாவும் நானும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தோம்.


ஏப்ரல் 30

இன்று ஹர்லீன் என் சாப்பாட்டுப் பெட்டியை வாங்க மறுத்துவிட்டாள்.

“நீ சாப்பிடு. நான் பாக்கிறன்.”

“பசிக்கேல்லை.”

“ரெண்டு கிழமையா உனக்குப் பசிக்கேல்லை. எனக்கு ரெண்டு கிலோ கூடிப் போச்சு. உடற்பயிற்சி ரீச்சர் என்னைப் பாத்துச் சிரிக்கிறா. என்னடி நடக்குது?”

“ஒண்டுமில்லை.”

“விசரி. பரீட்சைக்கு முதல் உன்னைக் காத்து அள்ளிக்கொண்டு போயிடும்.”

நான் பேச்சை மாற்றி, சீக்கியர் உடம்பில் தரிக்கும் அடையாளங்களான ஐந்து ‘க’ வையும் சொல்லச் சொன்னேன். அவள் நான்கைச் சொல்லி ஐந்தாவதை மறந்து, பிறகு தன் கையில் கிடந்த இரும்புக் காப்பையே பார்த்து, தலையில் அடித்துக்கொண்டாள். “பிறந்ததிலையிருந்து கையிலை கிடக்கு! நீ என்னைவிடப் பெரிய சீக்கியக்காரி.” பிறகு சனிக்கிழமை தன் அண்ணனின் குழந்தைக்குத் தங்கள் கோயிலான குருத்வாராவில் பெயர் வைக்கிறார்கள், வந்து பார், புத்தகத்தில் படித்ததைக் கண்ணால் பார்க்கலாம் என்றாள். “அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. அவவின்ரை புட்டுக்கு நாங்கள் கடன்.”

அம்மா வரமாட்டார் என்று நினைத்தேன். உடனே சம்மதித்துவிட்டார்.


மே 4, சனி

நடந்ததை நடந்தபடியே எழுதப் பார்க்கிறேன்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றி, கை கழுவி, தலையை மூடினோம். அம்மா பச்சைச் சால்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டே நடந்தார். உள்ளே பெரிய மண்டபம், தரை முழுவதும் வெள்ளைத் துணி. மேடையில் விதானத்தின் கீழ் நூல் இருந்தது. ஒருவர் அதற்குச் சாமரம் வீசிக்கொண்டிருந்தார். அம்மா குனிந்து கும்பிட்டுவிட்டு, வழக்கம்போல் வலம்வர இடம் தேடினார். நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

நூலைக் கைக்கு வந்த பக்கத்தில் திறந்தார்கள். இடப்பக்கத்தில் வந்த முதல் எழுத்தை வாசித்தார்கள். அந்த எழுத்தில்தான் குழந்தையின் பெயர் தொடங்கவேண்டும். ‘ந’. குடும்பம் குசுகுசுவென்று பேசி நிஹால் என்று முடிவெடுத்தது. நிஹால் கொட்டாவி விட்டான். அட்டையில் நான் நாலு வரியில் எழுதியிருந்த பெயர்சூட்டுச் சடங்கு, கண்முன்னால் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

இனிப்புப் பிரசாதம் கொடுத்தார்கள். நெய் ஒழுகும் சூடான மாவு. அம்மா இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, கடதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தார். அப்பாவுக்கு என்று நினைத்தேன். நானும் சுற்றி வைத்தேன். எனக்கு என் காரணம்.

பிறகு கீழ்த்தளத்தில் சாப்பாடு. லங்கர். எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் இருக்கவேண்டும். கோட் சூட் போட்ட ஒருவர், கட்டட வேலை உடுப்போடு ஒருவர், அம்மா, நான். வராமல் தப்பியிருக்கலாம். ஆனால் ஹர்லீன் படிவாசலில் நின்று எங்களைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் கூடையோடு வந்தார். ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தித்தான் வாங்கவேண்டும். அம்மா ஏந்தவில்லை. தட்டின் மேல் கையை விரித்து மூடினார். தாடிக்காரர் அது வெட்கம் என்று நினைத்து, சிரித்துக்கொண்டு ரொட்டியை நீட்டியபடி நின்றார்.

“பிள்ளை, எனக்கு விரதம் எண்டு அவருக்குச் சொல்லு.”

நான் அவரிடம் சொல்லாமல் அம்மாவிடம் திரும்பினேன். “சித்திரைச் சனியிலை என்ன விரதமம்மா?”

“அது ஒண்டு. நீ சொல்லன்.”

“என்ன விரதம்?”

“பகலிலை சாப்பிடுறேல்லை. அவ்வளவுதான்.”

“எப்ப தொடக்கம்?”

அம்மா சால்வையை நெற்றிவரை இழுத்தார். “தை. உன்ரை மாதிரிச் சோதினைத் தாள் வந்த அண்டையிலை இருந்து. மே ஒன்பதாம் தேதி வரைக்கும் எண்டு நேர்ந்தனான். இன்னும் அஞ்சு நாள்தானே, சும்மா இரு.”

மண்டபத்தின் சத்தம் எல்லாம் அந்தப் பஞ்சு உறைக்குள் போனது. ஐம்பத்தேழு. ஐம்பது. மூன்று நேரமும். அதையெல்லாம் நல்ல ஆங்கிலத்தில் சொன்னது நான்.

அப்போது ஹர்லீன் பருப்பு வாளியோடு வந்தாள். “என்ன, ரெண்டு பேரும் தட்டை மூடிக்கொண்டு இருக்கிறியள்?”

அவள் சொன்ன பிறகுதான் பார்த்தேன். என் கையும் என் தட்டின் மேல் இருந்தது. அம்மாவும் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை.

“நீ ஏன் மூடுறாய்?”

நான் தட்டை என் பக்கம் இழுத்தேன்.

“ஆரணி, நீ ஏன் மூடுறாய்?”

“உங்கடை கட்டி நல்லதெண்டு வரவேணும் எண்டு.”

“எப்ப தொடக்கம்?”

“வருசப் பிறப்பிலை இருந்து.”

“விசரே உனக்கு? படிக்கிற பிள்ளை!”

“நீங்கள் மட்டும்? கழுத்திலை கட்டியோடை இருக்கிற வருத்தக்காரி!”

கட்டட வேலைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் தன் பருப்பைப் பார்த்தார்.

“அப்ப விடு, இப்பவே சாப்பிடு,” என்றார் அம்மா.

“நீங்கள் முதல்.”

“நான் இடையிலை விட்டால் உன்ரை சோதினை...”

“நான் இடையிலை விட்டால் உங்கடை கழுத்து...”

தாடிக்காரர் இன்னும் நின்றார். ஒரு வார்த்தையும் விளங்காமல், அவசரமும் இல்லாமல், ரொட்டியை ஏந்தியபடி. அவருக்குப் பின்னால் வரிசை காத்திருந்தது. அப்போதுதான் ஆஸ்பத்திரியில் நான் விழுங்கிய வசனத்தை அம்மாவிடம் சொன்னேன். காரணம் தெரியாத மெலிவு என்றுதான் வைத்தியர் எழுதினார், அதைத் தேடத்தான் முழு உடம்புப் படம், காரணம் இதுதான் அம்மா, என்றேன்.

“அவ்வளவு பெரிய விசயமே அது?”

“ஓம்.”

“நான் அவவுக்குப் பொய் சொல்லிப்போட்டன்.”

“நான் உங்களுக்குப் பாதிதான் சொன்னனான்.”

அம்மா தட்டின்மேல் இருந்த கையை எடுத்தார். கொஞ்ச நேரம் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்திருந்தார். பிறகு மற்றக் கையையும் சேர்த்து ஏந்தினார். ரொட்டி கைகளுக்குள் விழுந்தது. அதை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை என் கையில் வைத்தார். “ஒண்டா,” என்றார். ஒன்றாகத்தான் வாயில் வைத்தோம். யார் முதலில் மென்றது என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணை மூடியிருந்தேன்.

அம்மா நான்கு ரொட்டி சாப்பிட்டார். ஹர்லீன் ஒவ்வொன்றுக்கும் கைதட்டினாள்.


மே 5

எழும்பியவுடன் வந்த நினைவு: நான் முறித்துவிட்டேன். இனி எந்தப் பதில் வந்தாலும் அது என் வாயால் வந்ததாக இருக்கும். அம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தார். அவருடைய முதுகைப் பார்த்தால் அவருக்கும் ஏதோ ஒரு நினைவு இருப்பது தெரிந்தது. இருவரும் சாப்பிட்டோம். ஒருவர் தட்டை ஒருவர் காவல் காத்தோம்.


மே 7

ஆஸ்பத்திரித் தாதிக்கு ஃபோன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.  “மூன்று மாதமா?” என்று கேட்டார். “மூன்றரை,” என்றேன். வைத்தியரிடம் கேட்டுவிட்டு, இரண்டு கிழமையில் திரும்ப நிறுத்துப் பார்ப்பார்கள், அதுவரை பெரிய படம் வேண்டாம் என்று பின்னேரம் அழைத்துச் சொன்னார். அம்மாவைத் திட்டவேண்டாம் என்றும் சொன்னார். காலம் கடந்துவிட்டது. நேற்று முழுவதும் திட்டிவிட்டேன்.


மே 9

பரீட்சை. காலையில் ஆறு இடியப்பம். மண்டபத்தில் எழுத்துகள் தாளிலேயே கிடந்தன. அந்தத் தெளிவு வரவில்லை. நித்திரைதான் வந்தது.

பன்னிரண்டு புள்ளிக் கேள்வி, சடங்குகளைவிடத் தொண்டு முக்கியமா என்று விவாதிக்கச் சொன்னது. விரதம், யாத்திரை, இரண்டையும் குருமார் ஏன் மறுத்தார்கள் என்று எழுதினேன். மறுபக்கமும் எழுதவேண்டும். ஒரு சடங்கைச் செய்கிறவருக்கு அது வெறும் சடங்காக இருப்பதில்லை, தன்னிடம் கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லாத ஒருவர் தன் சாப்பாட்டைக் கொடுக்கிறார் என்று எழுதினேன். இதற்கு எந்தப் புத்தகத்திலிருந்தும் ஆதாரம் காட்டவில்லை. புள்ளி குறையலாம்.

வெளியே வந்ததும் ஹர்லீன், “எங்கடை வீட்டிலை நடக்கிறதை அப்பிடியே எழுதினன். அம்மம்மா கத்தினது வரைக்கும்,” என்றாள். “ஐஞ்சாவது ‘க’?” என்றேன். காப்பை என் மூக்குக்கு நேரே ஆட்டினாள்.


மே 21

ஐம்பத்திரண்டரைக் கிலோ. பெரிய படம் தேவையில்லை என்று வைத்தியர் சொன்னார். அதற்கு நான் மூச்சு விடுவதற்குள் அடுத்ததைச் சொன்னார். ஊசியில் எடுத்ததைப் பார்த்துத் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. நல்லதாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கட்டியை எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும். ஜூன் பதினொன்று.

இம்முறை ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். அம்மா ஒவ்வொரு வசனத்துக்கும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளித்தாழ்வாரத்தில் நின்று கேட்டார்: “நாங்கள் இடையிலை விட்டதாலையோ பிள்ளை?”

இதே கேள்வி எனக்குள்ளும் இரண்டு கிழமையாகக் கிடந்தது. அம்மாவின் வாயால் கேட்டபோதுதான் அதற்கு விடை இருப்பது தெரிந்தது.

“அம்மா, ஊசி குத்தினது ஏப்ரல் பதினெட்டு. நாங்கள் விட்டது மே நாலு.”

அம்மா விரல்விட்டு எண்ணினார். ஒருமுறை. திரும்பவும் ஒருமுறை.

“அப்ப நாங்கள் ரெண்டு பேரும் பட்டினி கிடக்கேக்கையே அது உள்ளுக்கை இருந்திருக்கு.”

“ஓம்.”

“சாப்பிட்டிருக்கலாம்,” என்றார். பிறகு பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன். பக்கத்தில் நின்றவர் தள்ளி நின்றார்.


ஜூன் 11, காத்திருக்கும் அறை

நேற்றிரவுக்குப் பிறகு அம்மா ஒன்றும் சாப்பிடக்கூடாது. மயக்க மருந்துக்காக. “இஞ்சை டொக்டரே விரதம் பிடிக்கச் சொல்லுறா,” என்று விடியலிலிருந்து நாலு தரம் சொல்லிவிட்டார். நாலு தரமும் அப்பா சிரித்தார். இப்போது அப்பா கீழே கார் விட இடம் தேடுகிறார்.

அம்மா ஆஸ்பத்திரி அங்கியில் கட்டிலில் இருந்தார். தனக்கு முன்னால் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். விடியற்காலையில் எழும்பி, தான் தொடக்கூடாத இடியப்பத்தை எனக்காக அவித்துச் சம்பலும் வைத்திருந்தார்.

“நீங்கள் வந்த பிறகு சாப்பிடுறன்.”

“அது சரிவராது. நான் பாக்கவேணும்.”

பட்டினியோடு இருக்கும் அம்மாவின் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவதைப் போலக் கஷ்டமான காரியம் இந்த இரண்டு மாதத்தில் நான் செய்யவில்லை. ஒவ்வொரு வாயையும் அவர் கண்ணால் தொடர்ந்தார். சம்பல் உறைப்போ என்று கேட்டார். கொஞ்சம் என்றேன். தண்ணீர் குடி என்றார். பிறகு இரண்டு பேர் வந்து கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வளைவு வரைக்கும் அவருடைய தலை என் பக்கம் திரும்பியே இருந்தது.

இப்போது பதினொன்றரை. எதிர்ச் சுவரில் யாரோ ஒரு நீலக் கடலை வரைந்து மாட்டியிருக்கிறார்கள். அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குள் ஒரு வசனம் தானாகத் தொடங்கியது: அம்மா நல்லபடி வெளியில் வந்தால் நான்...

அதை அங்கேயே விட்டேன். பெட்டியில் இன்னும் ஒரு இடியப்பம் இருந்தது. எடுத்துச் சாப்பிட்டேன்.